கை கழுவும்போது காலமான மிஸ்ஸி

ஜார்ஜ்டவுனில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில், நோயாளிகள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதியர் எல்லோருக்கும் புதிதாக ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். அது தாதியின் நாடியைப் பார்க்கும். அதைக் காட்டினால்தான் மருந்து வண்டியில் அவளுடைய நோயாளிக்கான இழுப்பறை திறக்கும். ஆனால் புண்ணைத் தொடும் முன் கையில் எதுவும் இல்லாமல் முழங்கைவரை கழுவ வேண்டும் என்பது தாதியரின் பழைய விதி. சவுந்தரம் பட்டையைக் கழற்றித் தொட்டியோரம் வைத்துவிட்டு, ஏரம்பமூர்த்தியின் இடுப்பில் அறுவைக் காயத்துக்குக் கட்டு மாற்றினாள்.

திரும்பி வந்தபோது வார்டுத் திரையில் அவள் படம் கறுப்புச் சட்டத்துக்குள் இருந்தது. கீழே, நாடி நின்று காலமானார் என்று எழுதியிருந்தது.

"அக்கா, நீங்க செத்துட்டீங்களாம்," என்றாள் உடன் வேலை பார்க்கும் ஷேரன். "கெலுகோர்ல ஒங்க வீட்டுக்கு மாலகூட அனுப்பிட்டாங்களாம். நானும் ஃபோன்ல அழுவுற பொம்ம போட்டுட்டேன்."

"போட்டுக்க லா. மொதல்ல பெரியவருக்கு வலி ஊசி எடுக்கணும்."

பட்டையை மாட்டி வண்டியிடம் காட்டினாள். இறந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்றது வண்டி. ஷேரனின் பட்டைக்கும் அது மசியவில்லை. ஏரம்பமூர்த்தி அவளுடைய நோயாளி இல்லை.

"பிள்ளை, சரியா நோகுது," என்று கட்டிலிலிருந்து முனகினார் அவர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் சுலபத்தில் முனகாதவர்.

அப்போதுதான் டெரிக் வந்தான். பட்டை விற்ற கம்பெனிக்காரன். புதிய தொழில்நுட்பம் பற்றித் தாதியரின் கருத்தைக் கேட்டு வார்டு வார்டாக அலைகிறவன்.

"என் கருத்த எழுது தம்பி," என்றாள் சவுந்தரம். "கை கழுவக் கழட்டுனா அத சாவுன்னு எடுத்துக்கக் கூடாது."

டெரிக் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தான். "சாரிக்கா. செத்தவங்க கருத்துக்கு இதுல எடம் இல்ல."

"அப்ப உயிர் குடு."

"அதுக்கு ஒங்க மரணத்த உறுதிப்படுத்துன டாக்டர் கையெழுத்து வேணும்."

"யாரும் உறுதிப்படுத்தலயே!"

"அதான் பிரச்சினக்கா."

முனகல் கத்தலாக மாறியது.

"ஒரு வழி இருக்கு," என்றான் டெரிக். "தற்காலிகத் தாதி ஒருத்தர சேக்கலாம். ஆனா கையில வேற வேல இல்லாத ஆளா இருக்கணும். இங்க யாரு சும்மா இருக்கா?"

சவுந்தரம் கட்டிலைப் பார்த்தாள்.

ஏரம்பமூர்த்தியின் மணிக்கட்டில் ஒரு புதுப் பட்டை ஏறியது. நாடி நன்றாகவே துடித்தது. கணினி அவரைத் தாதியாக வரவேற்று, ஏரம்பமூர்த்தி என்னும் நோயாளியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தது. வண்டியைத் தள்ளி வந்தார்கள். அவர் கையை நீட்டியதும் இழுப்பறை திறந்தது. டாக்டர் எழுதிய அளவைச் சரிபார்த்து, சவுந்தரம் ஊசி போட்டாள்.

வலி இறங்கியதும் டெரிக் குனிந்தான். "ஐயா, தாதிங்கிற முறையில ஒங்க கருத்து?"

"எனக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ளை சொன்னதையே போடும்."

கருத்து ஏற்கப்பட்டது. கூடவே ஒரு பாராட்டும் வந்தது: சேர்ந்ததிலிருந்து நோயாளியை விட்டு ஓர் அடிகூட நகராத தாதி.

"நம்மள ஒரு நாளாச்சும் இப்பிடிச் சொல்லிச்சாக்கா?" என்றாள் ஷேரன்.

ஏரம்பமூர்த்தி உறங்கிப்போனார். உடனே திரை சிவந்தது: தாதி பணிநேரத்தில் தூங்குகிறார். மேற்பார்வையாளரின் அழைப்பு வந்து தொலைபேசி அலறியது. ஷேரன் அவர் பட்டையைக் கழற்றப் போனாள்.

"தொடாத! அப்புறம் அவரும் செத்துருவாரு."

சவுந்தரம் தொலைபேசியை எடுத்தாள். "ஆமா மேடம், தூங்குறாருதான். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு லா. எழுப்ப மாட்டேன்... நானா? சவுந்தரம் பேசுறேன்."

மறுமுனையில் ஓர் அலறலோடு தொலைபேசி கீழே விழுந்தது.