ஒன்பது பல்பும் ஒரு ப்யூஸும்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சௌரிராஜன் அகத்துக்கு மின்சாரம் வந்த அன்றே அவர் பெண் வைஜயந்திக்குச் சனி பிடித்துவிட்டது. அவள்தான் வலியப் போய் அதற்கு மணை போட்டாள் என்றும் சொல்லலாம்.

கம்பி இழுத்தால் வீடு பற்றிக்கொள்ளும் என்று நடுங்கியவர் சௌரிராஜன். திருச்சி காலேஜில் இண்டர்மீடியட் படிக்கிற பெண், பௌதிகம் வேறு, சும்மா இருப்பாளா?

"அப்பா, ஒரு பல்ப் நூறு வாட். கரண்ட் வர்றது இருநூத்திருபது வோல்ட்ல. வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். ஒரு பல்புக்கு அரை ஆம்பியர்கூட ஆகாது. ஒன்பதுக்கும் சேர்த்து நாலு சொச்சம். ப்யூஸ் அஞ்சு ஆம்பியர் தாங்கும். மிஞ்சினா அதுவே அறுந்து வீட்டைக் காப்பாத்திடும். ஆனா நம்மாத்துல அது அறுந்தே போகாது."

"போனா?"

"போகவே போகாதுப்பா."

"போச்சுன்னா உன் படிப்பு அவ்வளவுதான். தப்புக் கணக்குப் போடறதுக்கா தினமும் உன்னைப் பாலம் தாண்டி அனுப்பறேன்?"

வைஜயந்தி சிரித்துக்கொண்டே சரி என்றாள். வாயை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

சௌரிராஜனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு மூலை இருட்டாக இருந்தாலும் மூதேவி அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாளாம். அதனால் ஒன்பது விளக்கின் ஸ்விட்சையும் முன்னாலேயே போட்டு வைத்துவிட்டு, வாசலை ஒட்டிய ரேழியில் இருந்த மெயின் பிடியை அவரே இழுப்பார். வீடு முழுக்க ஒரே சமயத்தில் வெளிச்சம் வர வேண்டும். பிடியை இழுக்கும்போதே எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடி, பெருமாளைச் சேவித்துவிட்டுக் கண் திறக்க வேண்டும்.

முதல் நாள் கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு. ப்யூஸ் போயிருந்தது.

மறுநாள் சைக்கிளில் வந்த மின்சாரக் கம்பெனி ஆள் அமிர்தராஜ் ஒயரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஏன் போவுதுன்னு எனக்கும் புரியலீங்க." புதுக் கம்பி போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமும் போயிற்று. அடுத்த நாளும் அதே கூத்து. அலுத்துப்போய், மெயினை அணைத்துவிட்டு நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று சில துண்டு கம்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வைஜயந்திக்கு மண்டை காய்ந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தாள். பல்பின் தடை ஏறக்குறைய நானூற்றெண்பது ஓம் வந்தது. அதை வைத்துத் திரும்பவும் வாட் கண்டுபிடித்தாள். சமர்த்தாக நூறே வந்தது, அப்பாவிடமும் காட்டினாள். எந்தப் பக்கமிருந்து போனாலும் கணக்கு சரி, வீடு மட்டும் இருட்டு! ஒரு பல்பைக் கழற்றிப் பார்த்தாள், இரண்டைக் கழற்றினாள், அப்படியும் ப்யூஸ் நிற்கவில்லை. பல்பில் அச்சடித்த நூறு பொய்யா, கம்பெனி சொன்ன வோல்ட் பொய்யா, தான் படித்ததே பொய்யா என்று அவளுக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை காலை சௌரிராஜன் முடிவாகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமையிலேர்ந்து காலேஜ் வேண்டாம்."

செய்தி கேட்டுக் கூடப் படிக்கிற வஹீதா சாயங்காலமே வந்துவிட்டாள். வைஜயந்தி அழுது முகம் வீங்கியிருந்தாள். இரண்டு பேரும் ரேழியில் பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு வைக்கிற நேரம் வந்தது. சௌரிராஜன் பிடியை இழுத்தார். வீட்டார் எல்லோரும் கூடவே கண்ணை மூடினார்கள், வழக்கம்போல் இருட்டில் திறந்தார்கள்.

"வெளக்கு எரியவே இல்லையே!" என்றாள் வஹீதா.

"எரிஞ்சுது. அப்புறம் ப்யூஸ் போயிடுத்து" என்றாள் வைஜயந்தி.

"இல்ல வைஜயந்தி. எனக்கு வெளக்கக் கும்பிடுற பழக்கம் இல்லல்ல, கண்ண தொறந்துதான் இருந்தேன். லேசா சிவந்துச்சு, அதுக்குள்ள போயிடுச்சு."

வைஜயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ பல்ப் சூடாகறதுக்குள்ளயே போறது! வஹீதா, லாப்ல எரியாத பல்பை அளந்தோமே, எவ்வளவு வந்துது?"

"நாப்பது ஓம். ஒரு சைபரை விட்டுட்டோம்னு மேடம் திட்டினாங்களே!"

இருநூற்றிருபதை நாற்பதால் வகுத்தாள். ஐந்தரை. அடேயப்பா! சில்லென்றிருக்கும் ஒரே பல்ப் அந்த முதல் நொடியில் ஐந்தரை ஆம்பியர் இழுத்தால், ஒன்பதும் சேர்ந்தால் ப்யூஸ் எப்படித் தாங்கும்?

"அப்பா, ஒண்ணொண்ணாப் போடணும். ஒரு பல்ப் ஒரு க்ஷணம் கொஞ்சம் மிஞ்சினா ப்யூஸ் தாங்கிடும். ஒரே சமயத்துல போட்டாத்தான் போறது."

"மூலைக்கு மூலை இருட்டை வச்சுண்டா?" என்று சீறினார் சௌரிராஜன்.

பின்னால் நின்ற அம்மா வேதவதி கேட்டாள்: "ஏன்னா, இத்தனை வருஷமா எண்ணெய் விளக்கை நான் ஒண்ணொண்ணாத்தானே ஏத்திண்டு வந்தேன்? அப்போ மூதேவி வந்தாளா?"

சௌரிராஜன் பிடியை விட்டு ஒதுங்கினார். வைஜயந்தி பிடியை இறக்கி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மிச்சமிருந்த கம்பியை மாட்டினாள். இதுவும் போனால் கம்பியும் இல்லை, காலேஜும் இல்லை. மெயினைப் போட்டுவிட்டு முதலில் பூஜை அறையான பெருமாள் உள்ளின் விளக்கைப் போட்டாள். எரிந்தது. கூடம், ரேழி, சமையலுள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். அன்று யாருமே கண்ணை மூடவில்லை. கடைசியாகக் கொல்லைப்புற விளக்கும் எரிந்து, ஒன்பதும் அணையாமல் நின்றன.

வேதவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சௌரிராஜன் பல்பையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"அணைஞ்சிருந்தா நாற்பது, எரிஞ்சா நானூத்தெண்பது. ஒரே வஸ்துவுக்கு ரெண்டு கணக்கா? எதும்மா நிஜம்?"

வைஜயந்திக்கும் அதுதான் விளங்கவில்லை. "சூடு ஏற ஏறத் தடையும் ஏறறதுபோல இருக்குப்பா. ஏன் ஏறறதுன்னு சத்தியமாத் தெரியலை."

தெரியலை என்று சொன்னதும், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

சௌரிராஜன் மெயின் பிடியை ஒரு தரம் பார்த்தார், பல்பை ஒரு தரம் பார்த்தார். "எனக்கும் தெரியலை. இது தெரியாம எனக்குத் தூக்கம் வராது. திங்கட்கிழமை போய்க் கேட்டுண்டு வா."

"அன்னிக்கே புரியலைன்னா?"

"புரியற வரைக்கும் போ" என்று சொல்லிவிட்டு, அவர் சந்தியாவந்தனத்துக்குக் கிளம்பினார்.