இறந்த கோல்கீப்பரின் பாட்டு

பிப்ரவரி ஆறாம் தேதி மதியம், மிசுகுரா கால்பந்து கிளப்பின் புது முன்கள ஆட்டக்காரர் இவாபுச்சிக்கு, கத்தியே படாத இடது முழங்காலில் பழைய அறுவைத் தழும்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. பதினோரு தையல். போன சீசனில் எங்களுக்காகப் பதினான்கு கோல் அடித்துவிட்டு, புத்தாண்டுக்கு முன்பே வேறு கிளப்புக்குப் போய்விட்ட மொரொசுமியின் தழும்பு அது. வலக்காலால் மட்டுமே உதைத்துப் பழகிய இவாபுச்சி அன்றைய பயிற்சி ஆட்டத்தில் இடக்காலால் மூன்று கோல் போட்டார். மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் பதினாறு பேர் போனார்கள், பதினேழு பேர் வந்தார்கள். போனவர்கள் ஆடத் தெரிந்தவர்கள். வந்தவர்கள் மற்ற கிளப்புகள் கைகழுவியவர்கள், ஒரு வருடத்துக்கு இரவலாக வந்தவர்கள், கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். இருபது அணிகள் ஆடும் இரண்டாம் பிரிவில் கடைசி மூன்று அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். சீசனுக்கு முன் ரசிகர்களான எங்கள் பத்திரிகை வருடாவருடம் வெளியிடும் கணிப்பில் சொந்த ஊர் கிளப்பைப் பத்தொன்பதாவது இடத்தில் போட்டோம். திட்டி நாற்பது கடிதங்கள் வந்தன. ஏன் இருபதாவது என்று போடவில்லை என்று கேட்டவையும் அவற்றில் உண்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் எங்களிடம் தனிப் பாட்டு உண்டு. அதைக் கட்டி, மேளம் அடித்து, கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பாட வைப்பவர் நுகாகா சுமியே. ஐம்பத்திரண்டு வயது, மீன் ஆலையில் வேலை, யாருக்கும் பயப்படாத வாய். ஆள் போய்விட்டால் அவருடைய பாட்டை ஓரமாக வைத்துவிட வேண்டும், இன்னொருவருக்குத் தரக் கூடாது என்பது இருபது வருட வழக்கம். ஆனால் ஐந்து வாரத்தில் பதினேழு பாட்டுக்கு அந்த மனுஷி எங்கே போவார்? ஊரில் ஆளுயரப் பனி கிடந்ததால் பயிற்சி முகாம் தெற்கே மியாசாகியில் நடந்தது. பேருந்தில் அங்கே போன நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் பழைய பாட்டுகளில் பெயரை மட்டும் மாற்றிப் பாடினோம். பாட்டோடு, பாட்டுக்கு உரியவரின் உடம்பும் வந்து சேர்ந்தது.

நடுக்களத்துக்கு வந்த ஒருவர் திடீரென்று ஒசாகாக்காரர் போலப் பேசி, தனக்கு முன் அந்த இடத்தில் ஆடியவரின் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். அந்த அம்மாளும் நன்றி சொல்லிப் பதில் போட்டார். மொரொசுமி தன் புதுக் கிளப்பில் பந்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறார் என்று செய்தி வந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பாட்டு நின்றால் தழும்பும் திறமையும் உதிர்ந்துவிடும், ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியப் பாட வேண்டும் என்பதையும் இரண்டே நாளில் தெரிந்துகொண்டோம்.

பாட்டுக் கிடைக்காதவர் ஒருவர்தான், கோல்கீப்பர் உசுய் தத்சுயா. முப்பத்துமூன்று வயது, நான்கு கிளப்புகள் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். எங்கள் ஊரில் ஒன்பது வருடமாக எந்தக் கோல்கீப்பருக்கும் பாட்டுக் கிடையாது. கடைசியாகப் பாட்டு வைத்திருந்த கனமோரி, இதே மியாசாகியில், முகாமின் கடைசி நாள் ஆட்டத்தில், எழுபத்துமூன்றாவது நிமிடத்தில் நெஞ்சு நின்று கம்பத்தடியில் விழுந்து செத்தார். அவரைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். உசுய் நான்கு பயிற்சி ஆட்டங்களில் பதினோரு கோல் விட்டிருந்தார். ஒரு மாலை, சுமியே பேருந்தருகே கொடி சுருட்டிக்கொண்டிருந்தபோது, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து இடுப்பு மடியக் குனிந்தார்.

"நுகாகா-சான், எல்லாரும் வேற ஒருத்தர் காலோட ஓடுறாங்க. நான் மட்டும் என் கையோட நிக்கிறேன். கனமோரி-சான் பாட்டை எனக்குக் குடுங்க."

"கை மட்டும் தனியா வராதுங்க. அந்த நெஞ்சும் கூடவே வரும்."

"இந்தக் கிளப்பும் விட்டுட்டா எனக்கு வேற போக்கு இல்ல. பந்து பிடிக்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதுவும் தெரிஞ்ச மாதிரி இல்லையே" என்றாள் கொடியின் மறுமுனையைப் பிடித்திருந்தவள். சுமியே அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான பதில் கிடையாது.

ஆனால் முகாமின் கடைசி நாளில், ஆட்டம் தொடங்கியதும், வருடாவருடம் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி, கோலைப் பார்த்து, கனமோரி நினைவாக அவர் பாட்டை ஒருமுறை பாடினோம். நினைவுக்குப் பாடுவது வேறு, ஆட்டத்துக்குப் பாடுவது வேறு என்ற நினைப்பு. கோலில் உசுய் நிற்கிறார் என்பது நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை, சுமியே உட்பட. உசுயின் விரல்கள் ஒரு கணு நீண்டன. கனமோரிக்கு உடைந்து கோணிப்போயிருந்த இடது மோதிர விரல் அவருக்கும் கோணியது. வலை மூலைக்குப் போன பெனால்டியை ஒற்றைக் கையால் பிடித்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சுமியே உடனே மேளத்தை இறக்கிவைத்துப் பாட்டை நிறுத்தினார், விரல்களும் பழைய அளவுக்குச் சுருங்கின.

அதன்பிறகு யாராலும் உசுயை அடக்க முடியவில்லை. பயிற்சியாளரும் மருத்துவரும் கூடிப் பேசி, பாட்டைப் பாடலாம், ஆனால் எழுபதாவது நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டு மாற்றுக் கோல்கீப்பரை இறக்குவது என்று முடிவு செய்தார்கள். சுமியே ஒருவர்தான் மூன்று நாள் மறுத்தார். ஆலையின் மேற்பார்வையாளர், பேருந்து ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறோம், எங்கள் பத்திரிகையும் தலையங்கம் எழுதியது. கடைசியில் அவர் தலையாட்டினார். கணிப்பைத் திருத்தி ஆறாவது இடம் என்று போட்டோம்.

மார்ச் மாதம் உள்ளூரில் முதல் ஆட்டம். ரசிகர்களே விடியலில் மண்வாரியோடு போய் மைதானத்துப் பனியை அள்ளிக் கொட்டினார்கள். நாலாயிரம் பேர் பாடினோம். உசுய் ஒன்பது பந்துகளைத் தடுத்தார், நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். எழுபதாவது நிமிடத்தில் மாற்றுப் பலகையில் அவர் எண் எரிந்தது. உசுய் அதைப் பார்த்தார், அசையவில்லை. வெளியே போக மாட்டேன் என்பவரை இழுத்துப் போக விதி கிடையாது. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். உசுய் சிரித்துக்கொண்டிருந்தார், வாழ்நாளில் முதல் தடவையாகக் கெட்டிக்காரராக இருப்பவரின் சிரிப்பு. அடுத்த பந்தையும் பிடித்தார். வெட்கம் கெட்ட நாங்கள் இன்னும் சத்தமாகப் பாடினோம்.

சுமியே மேளக்கோலைக் கீழே போட்டார். "வாயை மூடுங்க. அந்த மனுஷன் செத்துருவாரு."

எந்தப் பாட்டு யாருடையது என்று பிரித்து நிறுத்த நேரமில்லை. எல்லாப் பாட்டும் நின்றது. இவாபுச்சியின் முழங்கால் வழவழப்பானது. ஒசாகாப் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தது. எழுபத்துமூன்றாவது நிமிடத்தில் பந்து வந்தபோது உசுய் தன் சொந்தக் குட்டை விரல்களோடு தாவினார். பந்து விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் கோலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தோம். அவர் எழுந்து நின்றார். இன்னும் இரண்டு கோல் விட்டார். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வரிசையாக எங்கள் முன் வந்து தலை வணங்கினார்கள். உசுய் மட்டும் வணங்கவில்லை.

சுமியே அதற்குப் பின் மேளம் தொடவில்லை. நாங்களும் அந்தப் பாட்டுகளைத் தொடவில்லை. அந்த வருடம் பதினெட்டாவதாக முடித்து, ஒரே ஒரு புள்ளி குறைந்ததால் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினோம். உசுயை எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. இப்போது அவர் மீன் ஆலையில் சுமியேவின் வரிசையில் பெட்டி அடுக்குகிறார். கடைத்தெருவில் எதிரே வந்தால் எங்களுக்கு இன்றும் எரிச்சலாகத்தான் வருகிறது, மூன்று விட்டாரே என்று. இவாபுச்சியின் முழங்காலில் மழைக்காலத்தில் பதினோரு புள்ளிகள் சிவக்கும், களிம்பு தடவிக்கொள்கிறார்.

போன வாரம் ஆலையில் உசுய் கேட்டாராம், "இன்னும் இருபது நிமிஷம் பாடியிருந்தா ஜெயிச்சிருப்போமே, நுகாகா-சான்."

"ஜெயிச்சிருப்போம்தான்" என்றாராம் சுமியே. "அடுத்த பெட்டியை எடுங்க."