கிழக்கு கேலரிக்கு ஆகாத பாட்டு

மைதானத்தின் இன்ஜினியருக்கு அன்று மத்தியானத்திலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கிழக்கு கேலரியின் மேல்தட்டுக்கும் கீழே தூண்கள் நிற்கிற இடத்துக்குமாக, காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டவளைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தூண்களுக்குப் புதிதாகக் கொடுத்திருந்த இரும்பு முட்டுகளைக் கையால் தட்டிப் பார்த்தாள். தட்டினால் இரும்பு பதில் சொல்லிவிடுமா? சொல்லாது என்று அவளுக்கும் தெரியும், இதற்கென்றே படித்தவள். ஆனாலும் தட்டினாள்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை. இந்த மைதானத்தில் யாரும் வாசிக்கக் கூடாது என்று பல வருடமாகத் தடைபோட்டு வைத்திருந்த பாட்டு. இன்று சாயங்காலம் அதை வாசிக்கப்போகிறார்கள். வாசிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். டிரம்ஸ் வாசிக்கப்போகிறவன் அவளுடைய சொந்த அண்ணன்.

இந்தக் கோடைக்கால ராக் விழா தொடங்கிய கதையை இப்போது ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். கோடையில் கால்பந்துக்காரர்கள் லீவில் போய்விடுவார்கள், மைதானம் சும்மா கிடக்கும். அண்ணனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு லாரியை உள்ளே ஓட்டிவந்து, அதன் முதுகையே மேடையாக்கி வாசித்தார்கள். முந்நூறு பேர் வந்திருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் இரவல் கொடுத்த ஸ்பீக்கருக்கும் வயருக்கும் காவலாக வந்தவர்கள். ஆனால், "முதல் வருஷமே நான் அங்க இருந்தேன்" என்று இன்றைக்குச் சத்தியம் செய்கிறவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தால் மைதானம் நாலு தடவை நிரம்பும்.

அடுத்த வருடம் மழை. அதற்கடுத்த வருடம் ஜெனரேட்டர் புகைந்து பாட்டுக்காரர் இருமி இருமியே ஒரு சரணத்தை முடித்தார். வருடத்துக்கு ஒன்று கெட்டது, கூட்டம் மட்டும் பெருகிக்கொண்டே போனது. கடைசிப் பாட்டு எப்போதும் அண்ணன் குழுவுடைய அந்தப் பாட்டுதான். அவன் குச்சியைத் தூக்கினால் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவர் இருக்க மாட்டார். இடி என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிட்டார்கள்.

ஆறாவது வருடம் அவள் கல்லூரி மாணவி, கிழக்கு கேலரியில் நின்றிருந்தாள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள், ஒரே நேரத்தில் தரையில் விழுந்தார்கள். காலுக்குக் கீழே கான்கிரீட் ஊஞ்சலாக ஆடியது. யாரோ பயந்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. பாட்டு நின்றும் கூட்டம் நிற்கவில்லை. தாங்களே கைதட்டி, தாங்களே பாடி, முன்னைவிட ஒற்றுமையாகக் குதித்தார்கள். ஒற்றுமை எல்லா இடத்திலும் நல்லதில்லை என்று அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். கைப்பிடிச் சுவர் ஒன்று பெயர்ந்து விழுந்து பக்கத்தில் நின்ற பெண்ணின் கால் முறிந்தது. அதோடு போனது யார் செய்த புண்ணியமோ.

பாட்டுக்குத் தடை வந்தது. "என் பாட்டு ஆகாதுன்னா நானும் ஆகாது" என்று அண்ணன் வீம்பாக விலகி, மாமனாரின் மரச்சாமான் கடையில் போய் உட்கார்ந்தான். விழா அவனில்லாமலே வளர்ந்து, வெளிநாட்டுக் குழுக்கள் வரிசையில் நிற்கும் அளவுக்குப் போய்விட்டது. தங்கை படித்து முடித்து அதே மைதானத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வருடாவருடம் அந்தத் தடையைப் புதுப்பித்தது அவள் கைதான். அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே, "வந்துட்டாங்க, என் பாட்டுக்குப் பூட்டு போட்டவங்க" என்பான் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அவளுக்குத்தான் சோறு இறங்காது.

இந்த வருடம் வெள்ளிவிழா. பழைய குழுவைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் ஆபீசுக்கே வந்து, வெளியாள் மாதிரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். விரல்கள் மட்டும் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தன.

"அதான் முட்டுக் கொடுத்தாச்சுல்ல பாப்பா. இன்னும் என்ன?"

"கணக்குப்படி தாங்கும்ண்ணா. ஆனா கணக்கு வேற, கூட்டம் வேற."

"வேகத்தைக் கூட்டி வாசிக்கிறேன். அந்த வேகத்துக்கு எவனாலயும் குதிக்க முடியாது. ஒரே ஒரு தடவை. அப்புறம் உன்கிட்ட கேக்கவே மாட்டேன்."

அன்று மாலையே அண்ணி போன் செய்தாள். "போட்டு விடும்மா அந்தக் கையெழுத்த. ராத்திரி பகல்னு இல்லாம தட்டித் தட்டி எங்க சாப்பாட்டு மேஜைக்கே பாட்டு மனப்பாடம் ஆயிடுச்சு."

போட்டாள். அவன் காதில் மாட்டும் கருவிக்குள் தன் குரல் நேராகப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தாள். கணக்கை நம்பிப் போட்டாளா, அண்ணன் முகத்தைப் பார்த்துப் போட்டாளா? அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்விதான் அவளைப் படியேறவும் இறங்கவும் வைத்துக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் குழு மேடையேறியது. அவள் மேல்தட்டில் கூட்டத்தோடு நின்றாள். கையில் கேலரியின் அதிர்வைக் காட்டும் திரை, வாயருகே மைக், இடுப்பில் ஒலியை நிறுத்தும் பொத்தான். அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. எடுத்த எடுப்பில் வேகமாக அடித்தான். கூட்டம் குதிக்கப் பார்த்து, கால் ஒத்துவராமல், கையை மட்டும் ஆட்டியது. திரை பச்சையிலேயே நின்றது. அவள் மூச்சு விட்டாள்.

இரண்டாவது சரணத்தில் கூட்டம் பாட ஆரம்பித்தது. அங்கேதான் பிடி நழுவியது. அத்தனை பேரும் பழைய ஒலிப்பதிவைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது பழைய வேகம். நாற்பதாயிரம் தொண்டைகள் ஒரு பக்கம் இழுத்தால் நாலு பேர் என்ன செய்வார்கள்? முதலில் கிட்டார்காரர் அந்த வேகத்துக்கு இறங்கி வந்தார், பிறகு பாட்டுக்காரர், கடைசியில் இடியும். பழைய வேகம் வந்ததும் மைதானம் ஒரே ஆளாகக் குதித்தது.

திரை மஞ்சளுக்குப் போய் உடனே சிவந்தது. படியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து உருண்டது. "ஆடுது பாருங்க மேடம்" என்று பக்கத்தில் இருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார். அவள் கை இடுப்புப் பொத்தானுக்குப் போனது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் அவள். கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, தாளத்தைத் தப்ப விடு."

பிறந்ததிலிருந்து தாளம் தப்பாதவனிடம், அவன் காத்திருந்து காத்திருந்து வந்து உட்கார்ந்த இடத்தில், அதைக் கேட்டாள். அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. இன்னும் இரண்டு. அவன் காதில் கேட்கவில்லையோ என்று வாயைத் திறந்தாள்.

அடுத்த அடி விழவில்லை. விழக் கூடாத இடத்தில் ஒன்று விழுந்தது. பிறகு மூன்று நேராக, ஒன்று கோணலாக, இரண்டு எங்கேயோ. கிட்டார்காரர் திரும்பி முறைத்தார். மேலே போனவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் கீழே வந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், சிரித்தார்கள், ஊளையிட்டார்கள். விசில் பறந்தது. திரை மெல்ல மஞ்சளுக்கு இறங்கி, பச்சைக்கு வந்தது. இடி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டான்.

அவள் மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினாள். "கூட்டத்தைக் கொஞ்சங் கொஞ்சமா இறக்குங்க சார். நாளையிலிருந்து இந்த கேலரி கிடையாது. நான் அனுமதி கொடுத்தது தப்புன்னு நானே எழுதிக் கொடுக்கிறேன்."

இறங்குகிற கூட்டத்துக்கு எதிரே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் ஏறி வந்தான். "இடி நமுத்துப் போச்சு" என்று ஒரு பையன் அவனை உரசிக்கொண்டே சொல்லிப் போனான். "யானைக்கும் அடி சறுக்கும்டா" என்றான் இன்னொருவன். துண்டுக்காரன் அவள் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இந்தப் பக்கத்திலிருந்து அவன் மேடையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான்தான் தாளம் தப்பச் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேண்ணா."

"சொல்லு. சொல்லாம எப்படி கேலரியை மூடுவ?" முகத்தைத் துடைத்தான். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அது இல்ல பாப்பா. நீ சொன்னது அப்பவே காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறமும் நாலு அடி அடிச்சேன்."

அவளும் அந்த நாலு அடியை எண்ணியிருந்தாள்.

"நீ இங்கதான் நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு."

எந்நேரமும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் அவன் விரல்கள் முழங்காலில் அசையாமல் கிடந்தன. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அப்படித்தாண்ணா கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

படிக்கட்டில் போகிறவர்கள் அதே பாட்டைப் பழைய வேகத்தில் பாடிக்கொண்டே இறங்கினார்கள். கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை இரண்டு பேரும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.