அய்யாக்குட்டியின் கறுப்பு வெள்ளை அடுக்களை

தென்காசி மாநகரத்துப் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது: 1962-ஆம் வருடத்துக் குற்றாலச் சீசனில், ரைஸ்மில் அய்யாக்குட்டியின் அடுக்களை முழுக்கக் கறுப்பு வெள்ளையானது. சுவரெல்லாம் வெள்ளை, மேடை கறுப்புக் கடப்பாக்கல், தரை கட்டம் கட்டமாக இரண்டும்.

சிவகிரியிலிருந்து வரும் என்ஜினீயர் சம்பந்தி அதைப் பார்த்து "பேஷ்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் பார்க்கப் பார்க்க அய்யாக்குட்டிக்கு அடுக்களை சப்பையாகத் தெரிந்தது, ஆழமே இல்லை. செப்புக் குடத்தை ஒரு மூலையில் வைத்தார். அந்தப் பக்கம் கனத்துவிட்டது. எதிர் மூலையில் வாழைக்குலையைத் தொங்கவிட்டார். இப்போது இந்தப் பக்கம் கனத்தது. குடத்தை மறுபடி நகர்த்தினார்.

சுவரில் புகை படக்கூடாதென்று மனைவி உலகம்மையைப் புறவாசலில், சாரலில், கல் கூட்டிச் சமைக்கச் சொல்லியிருந்தார்.

"ஈர விறகு கண்ணக் கரிக்குது. உள்ள வந்து பொங்கட்டா?" என்றாள் அவள்.

"சம்பந்தி பாத்துட்டுப் போவட்டும், பொறுட்டி."

"அடுக்களையில பொங்கக்கூடாதுன்னா, பெறவு பூசைதான் பண்ணணும்."

சம்பந்தி வந்தார். முன்கூடமான பட்டாசலில் இலை போட்டுத் திருப்தியாகச் சாப்பிட்டார்.

"அடுக்களையக் கொஞ்சம் பாக்கணும்" என்று அய்யாக்குட்டி இரண்டாம் தடவையாக எழுந்தார்.

"பொம்பளையாளு பொழங்குத எடத்துல எனக்கென்ன சோலி, அண்ணாச்சி?" என்றார் சம்பந்தி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

மூன்று மணி பஸ்ஸில் அவர் ஊருக்குப் போய்விட்டார்.