நகலின் வயிற்றில் நகல்

“நகலுக்கும் நகல் எடுப்பாங்களாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டபோது சிரித்தேன்.

அலுவலகக் கணினிகளின் கோப்புகளை இரவில் சர்வரில் நகலெடுத்து வைக்கும் பேக்கப், என் பொறுப்பு; அன்று மதியமாகியும் முடியவில்லை. “வெள்ளிக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார் மேலாளர். கேபிளை மாற்றியும் பேக்கப் ஆமையாகவே நகர்ந்தது.

ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தேன்; தட்டச்சு அக்காவின் கணினிக்குள் எல்லாருடைய பேக்கப்பும் இருந்தது. அவர் கணினியோடு சேர்த்து அதையும் சர்வர் இரவில் விழுங்க, அப்படிப் பெருத்த பேக்கப்பை அக்கா தினமும் மறுபடி தன் கணினிக்கு நகலெடுத்திருக்கிறார்.

“சர்வர் படுத்துட்டா உங்க பாடு என்ன தம்பி? பாவமா இருந்துச்சு” என்றார் அக்கா.

போன வருடம் என் கணினி செத்தபோது, தொலைந்த கோப்புகளோடு என் மேசையில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. வைத்தது யாரென்று இப்போது புரிந்தது.

எல்லாரும் போனபின் அக்காவின் கணினியிலிருந்த நகல்களை அழித்தேன். “பேக்கப் அமைப்பைச் சரியாகச் செய்யாதது என் தவறு” என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன்.