காதுத் தேர்வு

அறிவியல் பட்டதாரிகளுக்கு அறிவியலை எளிமையாகச் சொல்லக் கற்றுத்தரும் முதுநிலைப் படிப்பு அது. அதன் விளக்கக் கையேட்டை எத்தனை முறை படித்தாலும் புரியாது. எழுதியவர் துறைத்தலைவர். எந்தக் காலத்திலோ தாவரவியல் படித்துவிட்டு, பிறகு எளிமையின் பக்கம் திரும்பியவர். எளிமை பற்றி அவர் எழுதிய தடித்த நூல், அலுவலக அறையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பெரிதும் உதவியது.

இந்தப் படிப்பில்தான் நுரைக்காரி சேர்ந்திருந்தாள். இயற்பியலில் சோப்பு நுரையை ஆராய்ந்தவள் என்பதால் சக மாணவர்கள் வைத்த பெயர் அது. குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் ஒன்றில் விளக்குநர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. இறுதித் தேர்வில் தேறினால் திங்கட்கிழமையே சேரலாம். தேறாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு.

தேர்வு முறை விசித்திரமானது. மாணவர் தன்னுடன் விஷயமே தெரியாத ஒருவரை அழைத்து வர வேண்டும். அறைக்குள் அவருக்குத் தன் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். புரியாத இடத்தில் அவர் சிவப்பு அட்டையைத் தூக்கலாம். பிறகு அவர் தாழ்வாரத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் வெளித் தேர்வாளரிடம் கேட்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான். மாணவரின் வாயை விட்டுவிட்டு அடுத்தவர் காதுக்கு வைக்கும் பரீட்சை என்பதால் அதற்குக் காதுத் தேர்வு என்று பெயர்.

நுரைக்காரி மாமியாரை அழைத்து வந்திருந்தாள். காப்பீட்டு முகவர். பேச்சு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒத்திகைக்கு வீட்டில் அவரை விட்டால் ஆளில்லை. பாத்திரம் கழுவும்போது ஒத்திகை, துணி மடிக்கும்போது ஒத்திகை, தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளைகளில் ஒத்திகை. தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு அன்று காலைதான் தெரிந்தது.

"நுரையப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று துறைத்தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பரப்பு இழுவிசையிலேர்ந்து ஆரம்பிக்கவா, இல்ல நேரா குமிழோட உள்ளழுத்தத்துக்கே போயிடலாமா?" என்றார் மாமியார்.

நுரைக்காரி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"ஏன்டிம்மா, தெரிஞ்சதச் சொன்னா குத்தமா? சார், இந்தப் படலம் வழியா காத்து விரவுது பாருங்க..."

அவர் விரவலை முடிப்பதற்குள் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இவங்க பொதுமக்கள் கிடையாது. நிபுணர். விதிப்படி செல்லாது."

காவலாளியைக் கேட்டார்கள். அவர் வாசலில் உட்கார்ந்தபடியே எல்லா வகுப்பையும் கேட்டுத் தொலைத்திருந்தார். அலுவலக உதவியாளர் போன மாதமே ஒத்திகைக்கு உட்கார்ந்தவர். நுரைக்காரிக்குக் கண் கலங்கியது.

மாமியார்தான் வழி சொன்னார். "ஏன் சார், நீங்க உட்காரலாமே. இந்த வருஷம் ஒரு ஒத்திகைக்கும் நீங்க வந்ததில்லன்னு இவ சொல்லுவா. உங்களுக்கும் நுரையப் பத்தி ஒண்ணும் தெரியாதில்ல?"

தெரியும் என்றால் ஒரு மாணவியின் ஒரு வருடம் போகும். தெரியாது என்றால் மானம் போகும். துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "என் புரிதல் அத்துறையில் முழுமையடையாத ஒன்று" என்றபடி நாற்காலியில் அமர்ந்தார்.

அங்கேதான் புது ஆபத்து. மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சிவப்பு அட்டை மடியில் கவிழ்ந்தே கிடந்தது. ஒன்றும் புரியாதவர்கள்தான் இப்படி ஒரே தாளத்தில் தலையாட்டுவார்கள் என்று முதல் பருவத்திலேயே பாடம் உண்டு, நடத்தியவரும் அவர்தான். இந்தத் தலை தாழ்வாரத்துக்குப் போய் என்ன சொல்லும்?

மனப்பாடம் செய்திருந்த பேச்சை அவள் அப்படியே விட்டுவிட்டாள். ஒரு ரப்பர் குழாயை எடுத்தாள். இரண்டு முனைகளிலும் சிறு புனல்கள், ஊதப் பக்கக் குழாய்கள், நடுவே காற்றை அடைத்துவைக்க ஒரு கவ்வி. ஒரு முனையில் எலுமிச்சை அளவு சோப்புக் குமிழ் ஊதினாள். மறு முனையில் தேங்காய் அளவு.

"சார், இப்ப கவ்விய எடுக்கப் போறேன். காத்து எங்கேர்ந்து எங்க போகும்?"

"இதிலென்ன ஐயம்? பெரியதிலிருந்து சிறியதற்கு. இரண்டும் சமமாகும். சமநிலை என்பது இயற்கையின்..."

அவள் கவ்வியை எடுத்தாள். எலுமிச்சை சுருங்கியது. சுருங்கிச் சுருங்கிப் புனலுக்குள் ஒண்டிக்கொண்டது. தேங்காய் இன்னும் பெருத்தது.

துறைத்தலைவரின் வாய் திறந்தபடியே இருந்தது. இயற்கையின் என்ன என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

"இன்னொரு தடவ காட்டும்மா," என்றார்.

காட்டினாள். பிறகு அவரே ஊதினார். மூக்கில் நுரை ஒட்டியது, துடைக்கவில்லை. "அட, சின்னதுதான் பெருசுக்குள்ள போகுது" என்று எழுந்து தாழ்வாரத்துக்கு விரைந்தார். கதவு திறந்தே இருந்ததால் அவர் சொன்னது உள்ளே கேட்டது. தொட்டியில நுரை ஏன் நேரமாக ஆகப் பெரிய பெரிய குமிழா மாறுது தெரியுமா, சின்னதோட காத்தெல்லாம் சுவர் வழியா கசிஞ்சு பெருசுக்குப் போயிடுது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு அவர் பேசிய முதல் நேரான வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

"சரி, ஏன் அப்படி?" என்று வெளித் தேர்வாளரின் குரல் கேட்டது. வானொலியில் நிகழ்ச்சி நடத்துபவர், விடமாட்டார்.

துறைத்தலைவர் வாசலில் வந்து நின்றார். கையில் சிவப்பு அட்டை, தலைக்கு மேலே.

"எனக்கு அது புரியல," என்றார்.

"சோப்புப் படலம் எப்பவும் சுருங்கத்தான் பார்க்கும் சார். சின்னக் குமிழ்ல வளைவு அதிகம். வளைவு அதிகமானா உள்ள இருக்கிற காத்த அதிகமா நெருக்கும். நெருக்கற எடத்துலேர்ந்து காத்து, நெருக்கம் கொறஞ்ச எடத்துக்கு ஓடிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"இத இவ்வளவு நாளா யாரும் என்கிட்ட சொல்லவே இல்லியே."

"கேட்டாத்தான சார் சொல்லுவாங்க," என்றார் மாமியார்.

வெளித் தேர்வாளர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். அட்டையைப் பிறகு தூக்கியது விதிக்கு உட்பட்டதா என்று காவலாளி சந்தேகம் கிளப்பினார். "இந்த அட்டைக்குத்தான் முழு மார்க்கே. பாஸ்," என்ற தேர்வாளர், குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நுரைக்காரி ஜன்னலோரம் போய் அறிவியல் கூடத்துக்குத் தொலைபேசி செய்தாள். திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம். ஆமா, பின்னால என்ன சத்தம், சின்னப் பிள்ளைங்களா?" என்று கேட்டார் கூடத்து மேலாளர்.

நுரைக்காரி திரும்பிப் பார்த்தாள். தேர்வாளர் குழாயைப் பிடித்துக்கொள்ள, யார் குமிழ் பெரிது என்று துறைத்தலைவரும் மாமியாரும் மல்லுக்கு நின்றார்கள்.

"ஆமா மேடம்," என்றாள்.