குப்பைமேட்டுக் குழாய்

பிலோமிக்கு அடுப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்தில் வெட்டிய பச்சைக் கட்டைதான் எஸ்டேட் கொடுக்கும் விறகு. அது எரியவா செய்யும்? தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டின் ஒற்றை அறைக்குள் புகை சூழ்ந்தால் போக வழி கிடையாது. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கொஞ்சம் சந்து இருந்தது. "பனி பிள்ளைக்கு ஆகாது" என்று அதையும் புருஷன் சுவக்கீன் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டான். கைக்குழந்தை சிசிலி இருமி இருமி உதடு நீலம் பாய்ந்து கிடந்தாள்.

"மருந்து என்ன செய்யும்? மொதல்ல புகைய வெளிய விடு. இன்னொரு தடவை இப்படி வந்தா பிள்ளை தாங்காது" என்று எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.

கூரையில் ஓர் ஓட்டை போடச் சொல்லி அவளும் கெஞ்சிப் பார்த்தாள். "கம்பெனித் தகரம்டி. கை வச்சா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க" என்பான் சுவக்கீன். பூனைக்குக்கூடச் சீறத் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது.

அவனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர் என்ற அதிகாரிக்குக் கீழே வேலை. இலை காயும் டிரையருக்குத் தீ எரிப்பவன். சனிக்கிழமை சாயங்காலம் வந்தவன் பெருமையாகச் சொன்னான்: "டிரையர் புகைக்குழாய் விரிசல் விட்டுப்போச்சு பிலோமி. டீமேக்கர் குதியா குதிச்சாரு! மத்தியானத்துக்குள்ள புதுக் குழாய் மாட்டியாச்சு. துளிப் புகை பட்டாலும் தூளு நாத்தம் புடிச்சிருமாம்."

மடியில் சிசிலி இருமிக்கொண்டிருந்தாள். பிலோமிக்கு உச்சந்தலை கொதித்தது. இலைக்கு ஆகாத புகை இந்தப் பிஞ்சு நெஞ்சுக்கு மட்டும் ஆகுமா?

"பழைய குழாய் எங்க?"

"குப்பைமேட்டுல கெடக்கு. எதுக்குக் கேக்க?"

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகிற சனமெல்லாம் பார்க்க, குழாயைத் தலையில் சுமந்து வந்து வாசலில் போட்டாள். விரிசலில் களிமண்ணை அப்பினால் போதும், அடுப்புப் புகை வெளியே போக வழியாகிவிடும். அதற்குள் ஃபேக்டரிக் காவல்காரன் சொல்லி டீமேக்கர் வந்துவிட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவக்கீன் வாசலில் கூனிக்குறுகி நின்றான்.

"கம்பெனி சாமானைத் திருடுற அளவுக்கு வந்தாச்சா?" என்று கத்தியவர், வேறென்ன திருடி வைத்திருக்கிறாள் என்று பார்க்க வீட்டுக்குள் நுழைந்தார்.

பின்னாலேயே நுழைந்த பிலோமி கதவைத் தாழிட்டாள். அடுப்பில் பச்சைக் கட்டையைத் திணித்து ஊதினாள். குபுகுபுவென்று புகை எழும்பியது.

"கதவைத் தெறடி!" டீமேக்கர் இருமினார்.

"அதுக்குள்ளயா சார்? எம்மக பொறந்ததுலருந்து இதுலதான் கெடக்கா."

அவளுக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அது பழகிய தொண்டை. அவர் தடவித் தடவித் தாழைத் திறந்து, கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து விழுந்தார்.

அவரையே பார்த்தபடி நின்ற சுவக்கீன், பிள்ளையைப் பிலோமியிடம் கொடுத்தான். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினான்.

"எறங்குடா! பொழப்பு போயிரும்!"

"பிள்ள போயிட்டா பொழப்ப வச்சு என்ன சார் செய்ய?" அவன் கத்தியை ஓங்கிப் போட்டான். தகரம் கிழிந்தது.

பிலோமிக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள்: "அப்படியே நீரு திணிச்ச சாக்கையும் புடுங்கி எறியும்!"